முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்

கண்ணு,

உன் கடிதம் புதன்கிழமை மலையேறி வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்கு மூன்று நாள் விடுப்பே போதும் என்று எழுதியிருக்கிறாய். சனிக்கிழமை சேலத்தில் ரயிலை விட்டு இறங்கி, ஞாயிறு காலை காளப்பநாயக்கன்பட்டியில் உன் அப்பாவின் அண்ணன் வீட்டில் முகூர்த்தத்தை முடித்து, திங்கள் மாலை ரயிலில் பட்டணம் திரும்பிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை வார்டில் உன் முறை. இவ்வளவையும் வரிசையாக எழுதிவிட்டு, "மற்றவர்களுக்கு இது விளங்காது, அம்மா, உனக்கு விளங்கும். முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களை ஒரு நாளாவது நீ காக்கவைத்ததுண்டா?" என்று கேட்டிருக்கிறாய். அந்த வரியை நான் பல முறை படித்தேன். என்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துத்தான் எழுதியிருப்பாய். யார் என்னைப் பாராட்டினாலும் சற்றுச் சந்தேகத்தோடு வாங்கிக்கொள்வது என் வழக்கம் என்று உனக்குத் தெரியும். இந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ளவே முடியவில்லை. அதை உனக்குத் திருப்பி அனுப்பத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு நோயாளிகளைப் பற்றிக் குறிப்பெழுதத் தெரியும். மனத்தில் உள்ளதை எழுதத் தெரியாது. பேசவும் தெரியாது என்பாய், சரிதான். நீ பட்டணத்தில் படித்த ஆண்டுகளில் நான் உனக்கு எழுதியவற்றை எடுத்துப் பார்த்தால், மழை, குயினைன் தட்டுப்பாடு, யுத்தத்தால் மண்ணெண்ணெய் கிடைக்காதது, இவைதான் இருக்கும். ஆகவே இது நீளமாகவும் ஒழுங்கில்லாமலும் இருந்தால் பொறுத்துக்கொள். படித்துவிட்டு ஒளித்து வைக்கவும் வேண்டாம். உன்னோடு படித்து இப்போது ஆளுக்கொரு ஊரில் டாக்டராகவும் ஆசிரியையாகவும் வேலைக்குப் போயிருக்கும் பெண்களுக்கும் காட்டு. எங்கள் தலைமுறையில் படித்து வெளியே வந்த பெண்கள் சிலரே. செய்த பிழைகளை எழுதி வைத்தவர்கள் அவர்களிலும் குறைவு.

மலைமேல் இந்த வாழவந்தி நாட்டுக்கு நாம் வந்தபோது உனக்கு மூன்று வயது. சேலத்தில் பார்த்துவந்த பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு உன் அப்பா என்னோடு மலையேறினார். மனைவியின் உத்தியோகத்துக்காகப் புருஷன் ஊர் மாறியதை அவர் உறவினர்கள் கடைசிவரை சிரிப்பாகத்தான் பேசினார்கள். அவர் நாலு ஏக்கர் வாங்கி மிளகும் ஆரஞ்சும் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். மருந்துக்கூடத்துக்கும் அதன் பின்னால் இருந்த நம் இரண்டறை வீட்டுக்கும் முற்றம் ஒன்றுதான், நடுவில் பலா மரம். இந்த மலைக்காரர்களின் பழக்கம் நீ அறிந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் குரல் கொடுக்க மாட்டார்கள், கதவைத் தட்ட மாட்டார்கள். வந்து முற்றத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். வீட்டுக்காரர் எப்போது வெளியே வந்து பார்க்கிறாரோ அப்போதுதான் பேச்சு. எனக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கத்துகிறவர்களையும் சண்டை போடுகிறவர்களையும் பார்த்துப் பழகியிருந்தேன். அவர்களை அதட்டிக் காக்கவைக்கத் தெரியும். ஒன்றுமே கேட்காமல் மரத்தடியில் இருப்பவர்களை என்ன செய்வது? சன்னல் வழியே ஒரு தலைப்பாகை தெரிந்தால் போதும், வாயில் வைத்த சோறு இறங்காது. அவர்கள் உள்ளுக்குள் என்னைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவே எனக்குப் பட்டது. கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடுவேன். உன் அப்பா தட்டை மூடி வைத்துவிட்டுக் கேலி செய்வார்: "ஏனுங்க டாக்டரம்மா, இந்த ஊட்டு ஆளுக்கும் ஒரு சீட்டுக் குடுத்தா, நானும் வரிசையில வந்து குந்திக்குவனுங்க."

அவர் வேடிக்கையாகச் சொன்னதை நீ மெய்யாக எடுத்துக்கொண்டாய். உனக்கு அப்போது ஏழு வயது. கம்பவுண்டரிடம் போய் எண் போட்ட அட்டை ஒன்றை வாங்கி, அப்பாவின் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, நோயாளிகளோடு நோயாளியாக மரத்தடியில் உட்கார்ந்திருந்தாய். உன் முறை வந்தது. நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலீங்க."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளாங்க."

நிமிர்ந்து பார்த்தேன். சுற்றியிருந்த எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் உன் விடுதித் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பதாக ஒரு முறை எழுதியிருந்தாய். கதையின் கடைசிப் பகுதியை நாம் இருவருமே சொல்வதில்லை. ஒரு கரண்டி ஓமத் தண்ணீரை உன் வாயில் ஊற்றி, கன்னத்தைத் தட்டிவிட்டு, "அடுத்தது யாரு?" என்றேன். நீ சிரித்துக்கொண்டே நகர்ந்தாய். எங்கே போனாய் என்று நான் பார்க்கவில்லை. அன்று மாலை உன்னை என்னவென்று கேட்டேனா என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. கேட்டிருந்தால் நினைவில் இருக்கும்.

உன் அப்பா ஆரஞ்சு உரிப்பதை நீ பார்த்திருக்கிறாய். நார் ஒன்றுகூட இல்லாமல் உரித்து, சுளைகளைத் தட்டில் வட்டமாக அடுக்கி என் பக்கம் நகர்த்தி வைப்பார். "இதோ வந்துட்டேன்" என்று எழுந்துபோவேன். திரும்பும்போது சுளைகள் காய்ந்து தோல் போர்த்தியிருக்கும். அவற்றைத் தான் தின்றுவிட்டு வேறொன்றை உரிப்பார். அறப்பளீசுவரர் கோயிலுக்கப்பால் இருக்கும் அருவிக்கு ஒரு நாள் இரண்டு பேருமாகப் போய்வர வேண்டும் என்று வந்த முதல் வருஷமே சொன்னார். அந்தக் கோயிலைத் தாண்டி எத்தனையோ பிரசவங்களுக்கு நான் போயிருக்கிறேன். அவரோடு போனதில்லை. என்றைக்காவது முற்றம் காலியாக இருந்தால் போகலாம் என்று வைத்திருந்தேன்.

ஏன் அப்படி ஓடினேன் என்று உனக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். கடமை என்று சொன்னால் நீ நம்பிவிடுவாய், அது அவ்வளவும் பொய்யும் அல்ல. என் வகுப்பில் ஆண்கள் நடுவே ஒரே பெண்ணாக உட்கார்ந்து படித்தவள் நான். ஒரு நாள் தாமதித்தால்கூட, பொம்பளை டாக்டர் அப்படித்தான் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு உள்ளேயே இருந்தது. ஆனால் அதற்கும் அடியில் ஒன்று உண்டு. நோயாளியின் முன்னால் எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். நாக்கைப் பார்க்கலாம், நாடி பிடிக்கலாம், மருந்து எழுதலாம். நாக்கு நன்றாக இருக்கும் ஒருவர் ஆரஞ்சுச் சுளையை நகர்த்தி வைத்துவிட்டுச் சும்மா என் முகத்தைப் பார்த்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான் கூப்பிடாமலே வேலை வந்து எனக்கு உதவியது.

இனி உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். நீ மருத்துவப் படிப்பில் சேர்ந்த முதல் வருஷம், மார்கழியில், அப்பா நுரையீரலில் சளி கட்டிப் படுத்தார். தந்தி கிடைத்து நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. "அப்பா கடைசியில் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாய். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். சொன்னார். அவர் போவதற்கு மூன்று நாள் முன்பு, முற்பகல், காய்ச்சல் சற்றுத் தணிந்திருந்தது. சன்னலோரம் இருந்த ஆரஞ்சை எடுத்து உரிக்கச் சொன்னார். அவருக்கு விரலில் பலமில்லை. "கொஞ்ச நேரம் உக்காரு. பேசறதுக்கு ஒண்ணுமில்ல, சும்மா உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். பாதி உரித்திருப்பேன். சன்னலில் தலைகள் தெரிந்தன. தேவனூர் நாட்டிலிருந்து நாலு பேர் வந்து பலா மரத்தடியில் உட்கார்ந்தார்கள். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். "இதோ வந்துடறேன்" என்று பழத்தைச் சன்னல் கட்டையில் வைத்தேன். அவர் சொன்னது இது: "போ, பரவாயில்ல. எனக்குப் பழகிருச்சு."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒருவருக்குக் கையில் சொறி, களிம்பு கொடுத்தேன். கிழவர் ஒருவருக்கு முழங்கால். ஒரு குழந்தைக்கு இருமல். வெள்ளச்சிக்குக் காது, நோய் ஒன்றும் இல்லை, அழுக்கு அடைத்திருந்தது, எடுத்துவிட்டேன். வெள்ளச்சியை உனக்கு நினைவிருக்கும், மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாள். நான் திரும்பிப் போனபோது அப்பா தூங்கிப்போயிருந்தார். மறுநாள் காலை நினைவு தடுமாறிவிட்டது. அதன் பிறகு என்னை அடையாளம் தெரிந்து அவர் பேசவில்லை. உயிர் போனபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன், கையைப் பிடித்தபடிதான் இருந்தேன். நாடிதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி உரித்த அந்தப் பழம் சன்னல் கட்டையிலேயே இருந்தது. நீ வருவதற்குள் யாரோ எடுத்து எறிந்துவிட்டார்கள்.

ஆறு வருஷமாக எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. அந்த முக்கால் மணி நேரம் நாலு பேருக்குப் பயன்பட்டது, நான் எழுந்துபோனது அதற்காக என்று. அந்தச் சமாதானம் சென்ற மாதம் போயிற்று. உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர், பெரியவர்களை முன்னால் அனுப்பாமல், தனியாக அடிவாரத்திலிருந்து நடந்து ஏறி என்னைப் பார்க்க வந்தாரே, அன்றைக்கு. வியர்க்க வியர்க்க வந்து உட்கார்ந்தார். கூச்சம் தெரிந்தவர், எனக்குப் பிடித்தது. சோறு போட்டு நானும் எதிரில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டேன். சன்னலில் தலைகள் தெரிந்தன. எழுந்துவிட்டேன். அவர் தலை நிமிராமல், மரியாதையாக, "போய்ட்டு வாங்க அத்தை, பரவாயில்லீங்க. எனக்குப் பழகிருச்சு, அவளும் இப்படித்தானுங்க" என்றார். சோற்றுக் கையோடு நின்றுவிட்டேன். அந்தக் குரலில் கோபம் இல்லை, குறை இல்லை. உன் அப்பாவின் குரலிலும் இருந்ததில்லை.

நான் வாசலில் நிற்பதைப் பார்த்து மரத்தடியிலிருந்து வெள்ளச்சி கத்தினாள்: "ஏனுங்க டாக்டரம்மா, மாப்பிள்ளைக்கு முன்னால சோத்த வெச்சுட்டு எங்கீங்க ஓடி வாரீங்க? நாங்க என்ன கன்னுக்குட்டியா, அவுத்துக்கிட்டு ஓடறதுக்கு?"

"நீங்க காத்துக்கிட்டு இருக்கீங்களே" என்றேன்.

"காத்துக்கிட்டா? களைப்பாறிக்கிட்டு இருக்கறமுங்க! ரெண்டு மேடு ஏறி எறங்கி வாரமுல்ல? இந்த நெழல்ல கால நீட்டி ஒரு வெத்தல போட்டு, நாலு வார்த்த பேசலாம்னு உக்காருவோம். அதுக்குள்ள வந்து நாக்க நீட்டும்பீங்க. உங்க முத்தத்துல நாங்க ஒரு வெத்தலய முழுசா மென்னு முழுங்கினதில்லீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் உள்ளே சிரித்தார். நான் போய் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தேன். அவர் விடைபெற்று இறங்கிய பிறகு முற்றத்துக்கு வந்து, இத்தனை வருஷமாக ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று வெள்ளச்சியிடம் கேட்டேன்.

"என்னத்தச் சொல்றதுங்க? டாக்டரம்மாவுக்கு ஊட்டுக்குள்ள இருப்புக் கொள்ளாதாட்டம் இருக்குதுன்னு நாங்களா நெனச்சுக்கிட்டோம்." வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து சொன்னாள்: "ஐயா படுத்திருந்தப்பவும் அப்படித்தானுங்களே. அன்னிக்கு நாங்க வைத்தியத்துக்கு வரலீங்க. ஐயாவுக்கு மேலுக்கு முடியலைன்னு கேள்விப்பட்டு வந்தோம். நோவுக்காரர் ஊட்டு முத்தத்துல நாலு பேர் உக்காரோணுமில்லீங்க? உள்ளார இருக்கறவங்களுக்கு ஒரு தெம்பு. நீங்க பாட்டுக்கு வந்து எங்காதப் புடிச்சு இழுத்தீங்க. பெரிய டாக்டரு, காட்டுன்னா காட்டித்தான ஆவோணும்? எங்க ஊட்டுக்காரரு, வந்ததே வந்தோம்னு சொறியக் காட்டிட்டாரு." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "தப்பாப் பேசிட்டனுங்களா, சாமி?"

இல்லை என்றேன். இந்த முறை அவள் காய்ச்சலுக்குத்தான் வந்திருந்தாள். மருந்து கொடுத்து அனுப்பினேன். பிறகு உள்ளே வந்து அந்தச் சன்னலருகில் உட்கார்ந்தேன். இருபது வருஷம் இந்த மனிதர்களோடு இருந்திருக்கிறேன். அவர்கள் வயிற்றையும் மார்பையும் அறிவேன். நோயாளி வீட்டு முற்றத்தில் ஏன் உட்காருகிறார்கள் என்பதை அறியவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார்கள். உன் அப்பா அறிந்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். எத்தனையோ வீட்டு முற்றங்களில் அவரும் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "சும்மா" என்பார். அந்த நாலு பேரும் தனக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று படுத்தபடியே அவருக்குத் தெரிந்திருக்கலாம். தெரிந்தும் "போ" என்று சொன்னாரா, களைப்பில் சொன்னாரா என்று நான் இனி யாரைக் கேட்பது? அவருக்குத் துணையாக வந்தவர்களைப் பார்ப்பதற்கு அவரை விட்டு எழுந்துபோனேன். இதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை. வருத்தப்படுவதை ஒரு பெரிய காரியமாக நான் நினைக்கவில்லை. அது அவருக்கு ஒன்றும் செய்யாது. உனக்குச் செய்யுமா என்றுதான் எழுதுகிறேன்.

நீ எழுந்திருக்க வேண்டிய நேரங்கள் உண்டு. டோலியில் கட்டித் தூக்கி வருகிறவர்களுக்கு வேளை கிடையாது. பிரசவ வலியென்றால், பாம்புக்கடியென்றால், சோற்றை விட்டு எழுந்துதான் ஆக வேண்டும். நான் இன்றும் எழுகிறேன், நீயும் எழுந்திரு. ஆனால் நான் ஓடிய ஓட்டங்களில் டோலிக்காக ஓடியவை மிகச் சில. மற்றவற்றில் யாரும் என்னைக் கூப்பிடவே இல்லை. உன் வார்டில் மரத்தடி கிடையாது, மணி அடிக்கும், முறை உண்டு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன், பத்து நாள் விடுப்பு வேண்டுமென்று நீ கேட்டுப் பார்த்தாயா? கேட்டு அவர்கள் மறுத்திருந்தால் அது வேறு விஷயம். கேட்கவே இல்லை என்று உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உன் கையெழுத்து மட்டுமல்ல, இதுவும் என்னுடையது போலவே இருக்கிறது.

போய்க் கேள். கிடைத்தால் அந்தப் பத்து நாளில் அவரோடு எங்கேயாவது போ. அருவிக்கே போகலாம், வழி நான் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல். நீ தாமதமாக வரும்போது அவர் பழகிக்கொள்ளக் கூடாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரட்டும், சாப்பிடாமல் இருக்கட்டும், இரைந்து பேசட்டும். ஒரு வீட்டில் ஒருவர் பழகிக்கொண்டுவிட்டால் மற்றவருக்குத் தான் செய்வது தெரியாமலே போய்விடுகிறது. உன் அப்பா ஒரே ஒரு நாள் தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்படி நினைப்பது என் பிழையை அவர் தலையில் கொஞ்சம் இறக்கி வைப்பதற்காகவும் இருக்கலாம்.

இப்போது முற்பகல். முற்றத்தில் ஏழு பேர் இருக்கிறார்கள். நான் எழுதத் தொடங்கியபோது மூன்று பேர். ஒருமுறை எழுந்து போய், டோலி ஏதும் இல்லை, காய்ச்சல் முற்றியவர்கள் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, "கொஞ்ச நேரம் ஆகும்" என்று சொல்லி வந்து உட்கார்ந்தேன். ஆகட்டுங்க என்றார்கள். இன்னும் இரண்டு தடவை எழுந்திருக்கப் பார்த்துவிட்டேன், பழக்கம் அப்படி. அவர்களோ என் சன்னலைப் பார்க்கக்கூட இல்லை. யாரோ சாமை விளைச்சலைப் பற்றிப் பேசுகிறார்கள். வெள்ளச்சி வெற்றிலை மடிக்கிறாள்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னதாகவே மேலே வந்துவிடு. இங்கே உனக்கு வேலை ஒன்றும் வைத்திருக்கவில்லை. ஆரஞ்சு பழுத்திருக்கிறது, உன் அப்பாவைப் போல எனக்கு உரிக்க வராது, நார் இருக்கும். வந்து சும்மா உட்காரு. என்ன பண்ணுகிறது என்று நான் கேட்க மாட்டேன்.

அம்மா